எல்லை தாண்டிய எண்

சாலைக் கடைத்தெருவில் என் பழைய பேரேட்டில் ரூபாய்க் கட்டம் நாலு இலக்கத்துக்குத்தான் இடம் கொள்ளும். ஐந்தாவது இலக்கம் வந்தால் பக்கத்துக் கட்டத்தில் ஏறிடும். கணக்கப்பிள்ளை பார்த்துத் திருத்திடுவார். ராக்கெட்டில் கணக்கப்பிள்ளை ஏது?

நம்ம தும்பா விக்ரம் சாராபாய் மையம் உருவாக்கிய பி.எஸ்.எல்.வி. முதன்முதலில் பறந்தது 1993 செப்டம்பர் 20 அன்று. இரண்டாம் அடுக்கு பிரிகையில் ராக்கெட் நிலை குலைந்தது. அதை நேராக்கப் பிறந்த கட்டளை, வகுத்த உச்ச அளவைத் தாண்டியது. அந்த அளவுக்கு அப்பால் மட்டுமே தலைகாட்டும் பிழை ஒன்று மென்பொருளுக்குள் ஒளிந்திருந்தது. ஐ.ஆர்.எஸ்.-1இ செயற்கைக்கோள் வங்கக்கடலில் போச்சு.

1996 ஜூன் 4இல் ஐரோப்பாவின் ஏரியன்-5 கெட்டதும் ஏறக்குறைய இப்படித்தான். 32767க்கு மேல் கொள்ளாத 16 பிட் இடத்தில் பெரிய எண்ணைத் திணித்தது. ஏரியன்-4இல் ஒழுங்காக ஓடிய மென்பொருள்தான் அது!

ஆகவே வரக்கூடிய எண்ணை மட்டும் கொடுத்துப் பார்ப்பது பாதிச் சோதனை. வரவே வராது என்கிற எண்ணையும் கொடுத்துப் பார்க்கணும். பிழை நீக்கிய பி.எஸ்.எல்.வி. 1994 அக்டோபர் 15இல் ஐ.ஆர்.எஸ்.-பி2வைச் சுற்றுப்பாதையில் கொண்டு சேர்த்தது.