ரெண்டர் எடுக்கும்போது நேரா வீடியோவா எடுக்காதீங்க

போன எபிசோடில் பிளெண்டர் பற்றிப் பேசும்போது, "அனிமேஷனை எம்பி4-ஆ ரெண்டர் பண்ணாதீங்க, படம் படமா எடுங்க" என்று போற போக்கில் சொல்லிவிட்டேன். ஏன்னு சிலர் கேட்டிருந்தீங்க. நான் பட்ட பாட்டை வெச்சே சொல்றேன்.

அக்கா பொண்ணோட அரங்கேற்றம். மேடைக்குப் பின்னாடி திரையில் ஒரு கோலம் புள்ளி புள்ளியா வளரணும். 30 வினாடி முடியும்போது அவள் உள்ளே வருவாள். "மாமா பாத்துக்கறேன்" என்று ஜம்பமா சொல்லியாச்சு. வினாடிக்கு 24 ஃபிரேம் என்றால் மொத்தம் 720. என் லேப்டாப்பில் ஒரு ஃபிரேமுக்கு 45 வினாடி, ஆக 9 மணி நேரம். ராத்திரி 10 மணிக்கு எம்பி4 என்று போட்டுவிட்டுத் தூங்கினேன். காலை 6 மணிக்கு லேப்டாப் தானாகவே ரீஸ்டார்ட் ஆயிடுச்சு. ஃபைல் இருக்கு, சைஸும் இருக்கு, ஆனா எந்தப் பிளேயரிலும் திறக்கலை. நிகழ்ச்சிக்கு இன்னும் ரெண்டே நாள்.

காரணம் இதுதான். எம்பி4 ஃபைலில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கு என்று சொல்லும் அட்டவணை ஒண்ணு உண்டு. வழக்கமா அது கடைசியில்தான் எழுதப்படும். அதுக்கு முன்னாடி மின்சாரம் போனாலோ, புரோகிராம் விழுந்தாலோ, உள்ளே இருக்கிற 8 மணி நேர வேலையைப் பிளேயரால் படிக்க முடியாது.

படவரிசையா எடுத்தா ஒவ்வொரு ஃபிரேமும் தனி ஃபைல்: 0001.பிஎன்ஜி, 0002.பிஎன்ஜி என்று. 640-இல் நின்றால் 641-இலிருந்து தொடரலாம். அவுட்புட் டேபில் ஃபைல் ஃபார்மட்டைப் பிஎன்ஜி என்று மாத்துங்க. பக்கத்திலேயே 'ஓவர்ரைட்' என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துடுங்க. ஏற்கெனவே இருக்கிற ஃபிரேம்களைப் பிளெண்டரே தாண்டிப் போயிடும். இடம் கொஞ்சம் பிடிக்கும்தான், பரவாயில்லை. ஜேபெக் மட்டும் வேண்டாம், தரம் போயிடும்.

'பிளேஸ்ஹோல்டர்ஸ்' என்ற டிக் இன்னும் சுவாரசியம். ரெண்டர் ஆகப் போகும் ஃபிரேமுக்கு முதலில் ஒரு காலி ஃபைல் போட்டு இடம் பிடிச்சு வைக்கும், பஸ்ஸில் துண்டு போடுற மாதிரி. அதனால் அத்திம்பேரோட டெஸ்க்டாப்பையும் அதே ஷேர்டு ஃபோல்டரில் இறக்கிவிட்டேன். ஒண்ணு எடுத்ததை இன்னொண்ணு தொடாமல் ரெண்டும் சேர்ந்து முடிச்சுடுச்சு. ஒரே ஒரு எச்சரிக்கை: நடுவில் கிராஷ் ஆனால் அந்தக் காலி ஃபைல் அப்படியே தங்கிவிடும், அடுத்த தடவை பிளெண்டர் அதையும் "முடிஞ்சது" என்று தாண்டிவிடும். 0 பைட் ஃபைல்களைத் தேடி அழிச்சுட்டுத் தொடங்குங்க.

அப்புறம் சேர்க்கிற வேலை. புது பிளெண்டர் ஃபைலில் வீடியோ சீக்வென்சரைத் திறந்து, ஆட் மெனுவில் 'இமேஜ்/சீக்வென்ஸ்' எடுத்து, ஃபோல்டரில் 'ஏ' அழுத்தி எல்லாத்தையும் தேர்ந்தெடுங்க. பாட்டையும் அங்கேயே போட்டு எம்பி4 எடுத்துக்கலாம், சில நிமிஷ வேலைதான்.

இங்கேதான் பலர் கோட்டை விடுறாங்க. படங்களுக்கு வேகம்னு ஒண்ணு கிடையாது, நீங்க சொன்னாத்தான் உண்டு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் சும்மா விட்டால் 30 என்று எடுத்துக்கும், எஃப்எஃப்எம்பெக் 25 என்று. 720 ஃபிரேமை 30-இல் ஓட்டினால் 24 வினாடியில் முடிஞ்சுடும். கோலம் முடிஞ்சு 6 வினாடி கழிச்சுத்தான் பொண்ணு வருவாள். எஃப்எஃப்எம்பெக்கில் பிக்சல் ஃபார்மட்டை 'ஒய்யூவி420பி' என்றும் சொல்லிடுங்க. இல்லைன்னா உங்க கம்ப்யூட்டரில் ஓடும், மண்டபத்து லேப்டாப்பில் ஓடாமல் போகலாம்.

நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மதியம் மருமகளிடமிருந்து மெசேஜ்: "மாமா, நடுவுல வர்ற செம்மண் நிறம் என் புடவையோட சேரலை." 40 ஃபிரேம்தான். அந்தப் பழைய ஃபைல்களை மட்டும் அழிச்சுட்டுத் திரும்ப ரெண்டர் போட்டேன், அரை மணி நேரத்தில் முடிஞ்சுது. ஃபோல்டரை இன்னும் அழிக்கலை. சின்னவளும் இப்போ வர்ணம் வரைக்கும் வந்துட்டா.