பறக்கும் சுறாவைப் பாட்டாலேயே அடக்கியவர் யார் தெரியுமா?

பனிமூட்டத்துக்குள் மீன்கள் பறந்து திரியும் ஒரு கிரகம். சீறி வருகிறது ஒரு சுறா. ஒரு பெண் பாட ஆரம்பிக்கிறார், சுறா அப்படியே அடங்கிப்போகிறது! 2010 கிறிஸ்துமஸ் அன்று பிபிசியில் வந்த 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரின் கதை இது. கடைசியில் அதே குரல்தான், விழுந்து நொறுங்கப்போகும் விண்கப்பலில் இருந்த நாலாயிரத்துச் சொச்சம் பேரையும் காப்பாற்றுகிறது. பாடியவர் கேத்தரின் ஜென்கின்ஸ். அவர் நடித்தது அதுதான் முதல் தடவை! உடன் நடித்தவர் யார் தெரியுமா? ஹாரி பாட்டர் படங்களில் டம்பிள்டோராக வந்த மைக்கேல் கேம்பன்!

கேத்தரின், தெற்கு வேல்ஸில் உள்ள நீத் ஊர்க்காரர். 1980இல் பிறந்தவர். தேவாலயப் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவர். 15 வயதில் அப்பாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். 17 வயதில் லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. படிப்பு முடிந்ததும் கொஞ்ச காலம் பாட்டு டீச்சர் வேலை! 2004இல் முதல் ஆல்பம், அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளிலும் கிளாசிக்கல் பிரிட் விருது.

அந்தக் குரல் போன இடங்களைக் கேளுங்கள்! கார்டிஃபில் ரக்பி ஆட்டம் தொடங்கும் முன் வேல்ஸ் தேசிய கீதம் பாடியிருக்கிறார். 2005 டிசம்பரில் போர் நடந்துகொண்டிருந்த ஈராக்குக்கே போய்ச் சிப்பாய்களுக்குப் பாடினார். 2020 மே 8 அன்று, கொரோனா ஊரடங்கில், ஒரு ரசிகர்கூட இல்லாத ராயல் ஆல்பர்ட் ஹாலில் தனியாக நின்று பாடினார். 1871இல் திறந்த அரங்கம் அது, யோசித்துப் பாருங்கள்! நடுவில் 2013இல் அப்பா நினைவாக லண்டன் மாரத்தான் வேறு.

'ஆப்பரா பாடகியா இவர்?' என்று மூக்கைச் சுளிக்கும் விமர்சகர்களும் உண்டு. சுளிக்கட்டும்! லண்டனிலேயே பெரிய நாடக அரங்கமான கொலீசியத்தில், 2,300க்கு மேற்பட்ட இருக்கைகளுக்கு முன்னால், 2017இல் 'கரோசல்' இசை நாடகத்தின் நாயகி ஜூலியாக நின்றவர் இவர். ஜோடி, பாடகர் ஆல்ஃபி போ.

லிவர்பூல் கால்பந்து ரசிகர்கள் மைதானமே அதிரப் பாடுவார்களே, 'யூ வில் நெவர் வாக் அலோன்', அது 1945இல் இந்த நாடகத்துக்காகவே எழுதின பாட்டு! ஆனால் கணவனை இழந்து கதறும் ஜூலிக்கு ஆறுதலாக அதைப் பாடுவது நெட்டி என்ற பாத்திரம். கொலீசியத்தில் அந்தப் பாத்திரம் கிடைத்தது பாடகி லெஸ்லி காரெட்டுக்கு!