வைத்தியநாதனைக் காண வந்த தமக்கை

மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் திருச்சி விமான நிலையத்தின் வாயிலில் காத்திருந்தேன். கோலாலம்பூர் விமானத்தில் வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, கடைசியாக என் தமக்கையார் சக்கர நாற்காலியில் வெளியே வந்தார். பெட்டிகளை அவருடைய மகன் தள்ளிக்கொண்டு வந்தான். மடியில் இருந்த துணிப்பையை மட்டும் அக்கா யாரிடமும் கொடுக்கவில்லை. "பெட்டி தொலைந்தால் புடவைதான் போகும். இது தொலைந்தால் நான் போய்விடுவேன்" என்று சிரித்தபடியே சொன்னார். அந்தப் பையில் இருந்தவை மருந்துகளும் மருத்துவக் குறிப்புகளும்.

அக்காவுக்கு வயது 71. 1975 இல் திருமணமாகி மலேசியா சென்றவர். நீண்டகால நீரிழிவினால் இரு சிறுநீரகங்களும் ஓய்ந்துபோய், மூன்று ஆண்டுகளாக வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம், டயாலிசிஸ் செய்துகொண்டு வாழ்கிறார். அத்தகைய நிலையில் பயணம் எதற்கு என்று மகன் தடுத்திருக்கிறான். 92 வயதுத் தாயாரை ஒருமுறை பார்க்க வேண்டும், குலதெய்வமான வைத்தீஸ்வரன் கோயில் சந்நிதியில் ஒருமுறை நிற்க வேண்டும், இவ்விரண்டைத் தவிர வேறு ஆசை இல்லை என்று அக்கா உறுதியாக நின்றுவிட்டார்.

இந்தப் பயணத்துக்கான ஏற்பாடுகள் மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டன. வெளிநாட்டில் உறவினர் உள்ள அன்பர்கள் பலருக்கும் பயன்படலாம் என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன். டயாலிசிஸ் நோயாளி ஊருக்கு வருகிறார் என்றால், பயணச்சீட்டுக்கு முன்பாக டயாலிசிஸ் இயந்திரத்தில் இடம் பிடிக்க வேண்டும். மயிலாடுதுறையில் நான் முதலில் விசாரித்த இடத்தில் மூன்று வாரத்துக்கு வந்து போகிறவருக்கு இடமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். இரண்டாவது இடத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு நீண்ட பட்டியலைக் கொடுத்தார்கள். ஈரல் அழற்சி பி, சி, எச்.ஐ.வி. ஆகியவற்றுக்கு அண்மையில் எடுத்த இரத்தப் பரிசோதனை முடிவுகள், கடைசியாகச் செய்த டயாலிசிஸ் குறிப்புகள், உடலில் தேங்கிய நீர் நீங்கிய பின் இருக்க வேண்டிய எடை, இரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஹெப்பாரின் அளவு என அனைத்தும் அங்குள்ள மருத்துவரிடமிருந்து முன்கூட்டியே வர வேண்டும். கடன் விண்ணப்பத்தோடு வரும் ஆவணங்களை முப்பத்தைந்து ஆண்டுகள் சரிபார்த்தவன் ஆகையால் எனக்கு இது சிரமமாகத் தோன்றவில்லை. பயணக் காப்பீடு மட்டும் ஏமாற்றமாக இருந்தது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான வழக்கமான சிகிச்சைக்கு அத்தகைய காப்பீடுகள் பொதுவாகப் பணம் தருவதில்லை. செலவு முழுவதும் நம்முடையதுதான்.

திங்கட்கிழமை அங்கே டயாலிசிஸ், செவ்வாய் பயணம், புதன் இங்கே டயாலிசிஸ் என்று நாள்களைப் பொருத்தினோம். மாசி மாதத்தைத் தேர்ந்தெடுத்தவர் அக்காதான். சித்திரை வெயிலில் தாகம் எடுக்கும், குடிக்க முடியாது. அவருக்கு மருத்துவர் விதித்திருந்தது ஒரு நாளைக்கு 800 மில்லி நீர் மட்டுமே. காபி, ரசம், மோர் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிப் பேரேடு போலக் கோடு போட்டு வரவு எழுதினேன். இந்தக் கணக்கில் செலவுப் பக்கம் வாரத்தில் மூன்று நாள்களுக்கு மட்டுமே உண்டு.

எல்லாவற்றையும் கணக்காகச் செய்த நான் ஒன்றில் தவறினேன். அம்மாவிடம் இந்த நோயைப் பற்றிச் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தவன் நான்தான். தொண்ணூறு தாண்டியவர், கண்பார்வை மங்கியவர், மகளுக்கு இப்படி என்று தெரிந்தால் தாங்கமாட்டார் என்று நினைத்தேன். அக்காவும் அரைமனத்தோடு சம்மதித்தார்.

வீட்டுக்குள் நுழைந்த முதல் நிமிடத்திலேயே சங்கடம் தொடங்கியது. வழிப்பயணக் களைப்புக்கென்று அம்மா இளநீர் சீவி வைக்கச் சொல்லியிருந்தார். இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு, உலர்ந்த திராட்சை இவையெல்லாம் பொட்டாசியம் மிகுந்தவை. சிறுநீரகம் வேலை செய்யாதபோது அது இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். அக்கா தாகமில்லை என்று சொல்லிவிட்டார். இரவு பால் பாயசம். வயிறு சரியில்லை என்றார். மறுநாள் காலை "வங்கி வேலையாக அக்காவை அழைத்துப்போகிறேன்" என்று நான் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். மாலைதான் திரும்பினோம். வெள்ளிக்கிழமை மீண்டும் வங்கி வேலை. வங்கிப் பணியில் இருந்தபோதுகூட நான் இத்தனை பொய் சொன்னதில்லை.

இதற்கிடையில் செய்தி அறிந்த உறவினர்கள் ஆளுக்கொரு கஷாயத்தைப் பரிந்துரைத்தார்கள். வாழைத்தண்டுச் சாறு சிறுநீரகத்துக்கு நல்லது என்று ஒருவர் செம்பு நிறையக் கொண்டு வந்துவிட்டார். கல்லடைப்புக்கு என்று ஊரில் சொல்வதை, ஓய்ந்துபோன சிறுநீரகத்துக்குக் கொடுப்பது ஆபத்து என்று அவருக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. என் மருமகள் மிகுந்த கரிசனத்தோடு, உப்புக் குறைவாக இருக்க வேண்டுமே என்று, சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை வாங்கி வந்து சமைத்திருந்தாள். அக்கா பொட்டலத்தை வாங்கிப் பின்பக்கம் படித்தார். குறைத்த சோடியத்துக்குப் பதிலாகச் சேர்த்திருப்பது பொட்டாசியம் குளோரைடு! அந்தக் குழம்பை அக்கா தொடவில்லை. மருமகள் அழுதுவிட்டாள். அக்காதான் அவளை அருகில் அமர்த்தி, காய்களை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து வடித்துவிட்டுத் தாளிக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். அம்மாவின் காது மட்டும் மிகக் கூர்மை. தட்டை ஒதுக்கிய ஓசை அவருக்குக் கேட்டிருக்கிறது.

சனிக்கிழமை இரவு அம்மா என்னிடம் கேட்டார். "ஏன்டா, உன் அக்காவுக்கு நம் வீட்டுச் சாப்பாடு இறங்கவில்லையா? இல்லை, அவள் அப்பா காரியத்துக்கு வந்தபோது நான் ஏதோ சொல்லிவிட்டேனே, அதை மனத்தில் வைத்திருக்கிறாளா?"

தந்தையார் மறைந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பேச்சு என்னவென்று எனக்கு நினைவுகூட இல்லை. அம்மா அதை எடுத்துவைத்து, மூன்று நாள்களாக உள்ளுக்குள்ளே புழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. காலையில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடித்துத் திருநீறு பூசிவிடுவதற்காக அம்மா அக்காவை அருகில் அழைத்தார். பார்வை மங்கியவர் ஆகையால் கையைத் தடவிப் பிடித்தார். பிடித்தது இடது முன்கை. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு முன்கையில் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்திருப்பார்கள். இரத்தம் அங்கே விரைந்து பாய்வதால் தொட்டவர் விரலுக்கு ஓயாத அதிர்வொன்று தெரியும். அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. அக்கா நீண்ட கை ரவிக்கை அணிந்து அதை மறைத்துவைத்திருந்தார்.

அம்மாவின் விரல்கள் அந்த இடத்தில் நின்றுவிட்டன.

"என்னடி இது, கைக்குள்ளே வண்டு ரீங்கரிக்கிற மாதிரி?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு அக்கா அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னார். அம்மா இடையில் பேசவேயில்லை. கையை மட்டும் விடவில்லை.

"எத்தனை வருஷமாக?"

"மூன்று வருஷம் அம்மா."

"மூன்று வருஷமும் தினம் விளக்கேற்றி வைத்தியநாதனிடம் என்னென்னவோ கேட்டேன். பேத்திக்கு வரன் வேண்டும், பேரனுக்கு வேலை வேண்டும் என்று கேட்டேன். உனக்காக ஒரு வார்த்தை கேட்கவில்லையேடி! நீங்கள் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டேனா?"

அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்று வரைக்கும் முடியவில்லை.

தாங்கமாட்டார் என்று நான் பயந்தவர், அன்று மாலையே பேரேட்டுக் கணக்கைக் கேட்டறிந்தார். பூசை அறையிலிருந்து சிறிய வெள்ளிக் கிண்ணத்தை எடுத்துவரச் சொன்னார். நாங்கள் குழந்தைகளாக இருந்தபோது மருந்து புகட்டிய கிண்ணம் அது. எத்தனை மில்லி பிடிக்கும் என்று என்னை அளக்கச் சொன்னார். சரியாக 50. அன்றுமுதல் அக்காவுக்குத் தண்ணீர் அந்தக் கிண்ணத்தில்தான், அம்மாவின் கையால்தான்.

திங்கட்கிழமை நானும் அக்காவும் பொய் சொல்லாமல் டயாலிசிஸுக்குப் புறப்பட்டோம். அடுத்த கட்டிலில் அரசின் மருத்துவக் காப்பீட்டில் சிகிச்சை பெறும் விவசாயி ஒருவர். "அம்மாவுக்கு எந்த ஊர்?" என்று கேட்டவர், மலேசியா என்றதும், "அங்கேயும் நாலு மணி நேரம்தானா?" என்றார். ஆமாம் என்றதும் அவருக்கு ஏனோ ஒரு திருப்தி.

மறுநாள் செவ்வாய். இரண்டு டயாலிசிஸ் நாள்களுக்கு இடைப்பட்ட நாள், உடல் ஓரளவு தெம்பாக இருக்கும். அங்காரகனுக்கு உகந்த நாளானபடியால் கூட்டம் நிறைந்துவிடும் என்று விடியற்காலையிலேயே புறப்பட்டோம். அம்மாவும் வருவேன் என்று பிடிவாதம். மயிலாடுதுறையிலிருந்து ஏறக்குறைய 15 கி.மீ. கோயில் வாயிலில் இரண்டு சக்கர நாற்காலிகள், 92 வயதுத் தாயும் 71 வயது மகளும் பக்கத்தில் பக்கத்தில்.

புள்ளிருக்குவேளூர் என்று தேவாரத்தில் போற்றப்பெறும் தலம் இது. சடாயுவுக்கு இராமபிரான் ஈமக்கடன் செய்த இடம் என்பது தலவரலாறு. நோய் தீர்க்கும் வைத்தியநாதராக இறைவனும், உடன் தையல்நாயகி அம்மையும், குழந்தையாகச் செல்வமுத்துக்குமார சுவாமியும் எழுந்தருளியிருக்கிறார்கள். அந்தக் குழந்தையின் மீதுதான் குமரகுருபரர் பிள்ளைத்தமிழ் பாடினார். 2021 ஏப்ரலில் குடமுழுக்கு நடந்தபோது அக்காவால் வர இயலவில்லை. அந்த ஏக்கம் அவருக்கு இருந்துகொண்டே இருந்தது.

நோய் தீர வேண்டிக்கொள்பவர்கள் இங்கே உப்பும் மிளகும் காணிக்கையாகச் செலுத்துவது வழக்கம். கடையில் வாங்கிய பொட்டலத்தை அம்மா தன் கையில் வாங்கி அக்காவின் தலையைச் சுற்றினார். "மூன்று வருஷமாக நாக்கில் படாமல் வைத்திருந்த உப்பை எல்லாம் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்" என்றார் அக்கா. அம்மா சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

தையல்நாயகி சந்நிதியில் அம்மா வாய்விட்டே வேண்டினார். மூன்று ஆண்டுகளின் பாக்கியையும் வட்டியோடு சேர்த்துக் கேட்பதுபோல நீண்ட நேரம். அர்ச்சகர் தீபாராதனைத் தட்டோடு பொறுமையாக நின்றார். பிரசாதமாகத் திருச்சாந்துருண்டை கிடைத்தது. அக்கா கண்ணில் ஒற்றிக்கொண்டு பையில் வைத்துக்கொண்டார். உட்கொள்ளவில்லையா என்றேன். "நாளைக்கு டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான். அவரையும் இந்த வைத்தியநாதன்தானே அனுப்பிவைத்திருக்கிறான்" என்றார். தீர்த்தம் ஓர் உத்தரணி மட்டும். வீட்டுக்கு வந்ததும், அதையும் கணக்கில் எழுது என்று என்னிடம் நினைவூட்டினார்.

மூன்று வாரங்களில் ஒன்பது டயாலிசிஸ். ஒருமுறை மட்டும் இரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வந்தது, கால்களை உயர்த்திப் படுக்கவைத்ததும் தெளிந்துவிட்டார். புறப்படும் நாளில் வெள்ளிக் கிண்ணத்தை அம்மா துணியில் சுற்றி அந்தக் கைப்பையிலேயே வைத்துவிட்டார்.

இப்போது எங்கள் வீட்டுத் தினசரி நாட்காட்டியில் திங்கள், புதன், வெள்ளி ஆகிய தாள்களின் மூலையில் குங்குமப் பொட்டு இருக்கும். அம்மா சொல்ல, என் மனைவி வைப்பது. மலேசியாவின் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னது. நமக்குப் பகல் பன்னிரண்டு என்றால் அங்கே இரண்டரை, டயாலிசிஸ் முடிந்து அக்கா வீடு திரும்பும் நேரம்.

இன்று புதன்கிழமை. மணி பன்னிரண்டேகால் ஆகிறது. இலை போட்டாகிவிட்டது, அம்மா இன்னும் உட்காரவில்லை. தொலைபேசி பக்கத்தில் நாற்காலியைப் போடச் சொல்லியிருக்கிறார்.