அரை வோல்ட்டில் எஸ்கேப் ஆகும் காத்து!

மாமல்லபுரம் பீச்ல காத்து வாங்குறீங்களா? உங்க தலைக்கு மேல பூமியின் காந்தக் கோடுகள் கிட்டத்தட்டப் படுத்த வாக்குல, மூடி போட்ட மாதிரி ஓடுது. மின்னூட்டம் உள்ள துகள்கள் அதைத் தாண்டித் தப்புறது கஷ்டம்.

ஆனா, துருவங்கள்ல அந்த மூடி திறந்திருக்கு! அங்கே வளிமண்டல உச்சியில், சூரிய ஒளி அணுக்களை எலெக்ட்ரான், அயனி எனப் பிரிக்கிறது. லேசான எலெக்ட்ரான்கள் மேலே ஓட, அவை அயனிகளையும் கூடவே இழுத்துப் போகின்றன.

இந்த இழுப்பை, 2022 மே 11 அன்று நாசாவின் எண்டூரன்ஸ் ராக்கெட் அளந்தது. ஏவப்பட்ட இடம், இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கும் அதே ஆர்க்டிக் ஊர், நி-ஆலசுண்ட். கிடைத்த அளவு, வெறும் 0.55 வோல்ட்! ஆனா, ஹைட்ரஜன் அயனிக்கு அது புவியீர்ப்பைவிட 10.6 மடங்கு வலு.

பயப்படாதீங்க, கசிவு ரொம்ப மெதுவாத்தான் நடக்குது. நிம்மதியா காத்து வாங்குங்க!