மேனாட்டார் காலைச் சிற்றுண்டி

ஒருவர் உண்ணும் காலையுணவைக் கொண்டு அவர்தம் நாகரிகத்தை அளவிடுவார் நம்முள் பலர் உளர். ரொட்டியும் வெண்ணெயும் உண்பார் உயர்ந்தோர் என்றும், பழையது உண்பார் பட்டிக்காட்டார் என்றும் அவர் கருதுவர். இக்கருத்துப் பொருந்துமா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஐரோப்பியர் அனைவர்க்கும் காலையுணவு ஒன்றே என்று எண்ணுதல் தவறு. ஆங்கிலேயரின் மரபான காலையுணவில் முட்டை, உப்பிட்ட பன்றியிறைச்சி, வாட்டிய ரொட்டி முதலிய பலவும் இடம்பெறும். பிரெஞ்சுக்காரர்க்கோ வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டும் ஒரு கிண்ணம் காப்பியும் போதும். ரொட்டியைக் காப்பியில் தோய்த்து உண்பாரும் அவருள் உண்டு. இத்தாலியர் பலர் கடையில் நின்றவாறே காப்பி அருந்தி, இனிப்புப் பண்டம் ஒன்றைத் தின்று தம் வேலைக்குச் செல்வர். ஸ்பெயின் தேசத்தார் மாவை நம் முறுக்கைப்போல் அச்சிற் பிழிந்து, எண்ணெயிற் பொரித்து, 'சுர்ரோ' என்னும் அப்பண்டத்தைக் கெட்டியான சாக்கொலேட்டுப் பானத்தில் தோய்த்து உண்பர்.

இனி, இப்பண்டங்களின் பிறப்பை நோக்குவோம். பிரெஞ்சு நாட்டின் அடையாளமாக விளங்கும் பிறை வடிவான 'குரோசான்', ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்துப் பண்டம் ஒன்றன் வழித்தோன்றலாகும். 1830-களின் இறுதியில் ஆகஸ்ட் சாங் என்னும் ஆஸ்திரியர் பாரிஸ் மாநகரில் திறந்த ரொட்டிக்கடையே அவ்வடிவை அங்குப் பரப்பியது. மாவிடையே வெண்ணெயை வைத்துப் பன்முறை மடித்து அடுக்கடுக்காகச் செய்யும் முறையைப் பிரெஞ்சுக்காரர் பின்னர்ச் சேர்த்தனர். உலகோர் 'டேனிஷ்' என்றழைக்கும் பண்டத்தை டென்மார்க்கு நாட்டாரோ 'வியன்னா ரொட்டி' என்றே வழங்குகின்றனர். காப்பியும் ஐரோப்பாவில் விளைந்ததன்று. அராபிய நாட்டினின்று வந்ததே.

இக்கொடுக்கல் வாங்கல் நம் மொழியிலும் பதிந்துள்ளது. ஈழத்தமிழர் ரொட்டியைப் 'பாண்' என்பது போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு. நம் 'பிஸ்கோத்து'ம் அத்தகையதே. ஐரோப்பியர் வாதுமையிட்டுச் செய்யும் 'மக்ரூன்' தூத்துக்குடியை அடைந்து முந்திரிப் பண்டமாயிற்று. வந்த பொருளைத் தமிழர் தமதாக்கிக்கொண்டமை இதனால் விளங்கும்.

செய்முறையிலும் ஒற்றுமை உண்டு. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் கோதுமை மாவைப் பொங்கச் செய்து ரொட்டியை மென்மையாக்குகின்றது. அரிசியும் உளுந்தும் அரைத்த மாவை இரவு முழுதும் புளிக்கச் செய்து இட்டிலியை மென்மையாக்குவனவும் நுண்ணுயிர்களே. நீரூற்றி வைத்த பழையதைப் புளிக்கச் செய்வனவும் அவையே. அங்ஙனமாயின், ஒன்றைப் போற்றி மற்றொன்றை இகழ்தல் எங்ஙனம் முறையாகும்?

சென்னைக்கு மேற்கே உள்ள நம் அயனம்பாக்கத்தில், ஒரே தெருவில் ஒரு வீட்டார் இட்டிலி உண்பர். ஒரு முதியவர் மோரூற்றிய பழையது உண்பர். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு விரையும் தொழிலாளி தேநீரிற் பன்னைத் தோய்த்து உண்பர். பாரிஸ் நகரத்தார் காப்பியில் ரொட்டி தோய்ப்பதற்கும் இதற்கும் வேற்றுமை யாது? அவரவர் கைப்பொருளும் காலமும் பழக்கமுமே காலையுணவை வகுக்கின்றன. குலமும் நாகரிகமும் அல்ல.

ஆகவே, பழைய சோற்றுப் பாத்திரத்துடன் வரும் தோழனைக் கண்டு நகைத்தலை இன்றே விடுவோம். வெதுப்பிய ரொட்டியையும் சுவைப்போம். வீட்டுப் பழையதையும் நாணமின்றி உண்போம்.