அகழிக்குள் ஓர் இளைஞன்

போரைப் பாடிய நம் பழம்புலவர்கள் வீரனையும் அவன் பகைவனையும் நேருக்கு நேர் நிறுத்தியே பாடினார்கள். மார்பில் பட்ட புண்ணை விழுப்புண் என்று போற்றினார்கள். புறப்புண் நாணி வடக்கிருந்த சேரமானைக் கண்ணீரோடு நினைவுகூர்ந்தார்கள். இந்தப் பெருமைக்கும் நாணத்துக்கும் அடிப்படை ஒன்றுதான்: எதிரியின் முகம் தெரியவேண்டும், வீரனுடைய துணிவுக்குக் களத்தில் ஏதேனும் பயன் இருக்கவேண்டும். அந்த அடிப்படையே இல்லாத போரில் அகப்பட்ட இளைஞனின் உள்ளம் என்ன பாடுபடும்? 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரின் மேற்குப் போர்முனை இதற்கு விடை கூறுகிறது.

போர் மூண்டபோது அது சில மாதங்களில் முடிந்துவிடும் என்றே பலரும் நம்பினார்கள். ஆனால் 1914-ஆம் ஆண்டு முடிவதற்குள், வடகடற்கரையிலிருந்து சுவிட்சர்லாந்தின் எல்லை வரை, ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நீளத்துக்கு இரு தரப்பாரும் அகழி வெட்டி அமர்ந்துவிட்டார்கள். காரணம் எளியது. நிமிடத்துக்கு 400, 500 குண்டுகளைப் பொழியும் இயந்திரத் துப்பாக்கியின் முன் வெட்டவெளியில் மனிதன் நிற்க முடியாது, மண்ணுக்குள்தான் புகவேண்டும். அகழியை நேர்கோடாக வெட்டாமல் வளைத்து வளைத்து வெட்டினார்கள். உள்ளே விழுந்து வெடிக்கும் குண்டின் சிதறல்கள் நெடுந்தூரம் பாயாதிருக்கவே இந்த ஏற்பாடு. அதற்குள் சேறும், எலியும், பேனும், நீரில் ஊறி அழுகும் கால்களும் வீரர்களின் அன்றாட வாழ்வாயின. பீரங்கிக் குண்டோ கண்ணுக்கெட்டாத தொலைவிலிருந்து வந்தது. வீரனும் கோழையும் அதற்கு ஒன்றே.

அகழியை விட்டு வெளியே வந்து தாக்கினால் என்ன நேரும் என்பதை, 1916 ஜூலை 1-ஆம் நாள் சோம் நதிப் பகுதியில் உலகம் கண்டது. அன்று ஒரே பகலில் பிரிட்டிஷ் படையில் 57,470 பேர் மாண்டோ, காயமுற்றோ, காணாமலோ போயினர். மாண்டவர் மட்டும் 19,240 பேர். ஒரே ஊரிலிருந்து நண்பர்களாகச் சேர்ந்து வந்த தன்னார்வ இளைஞர்கள் அவர்களிடையே ஏராளம்.

இத்தகைய களத்துக்கு 1917-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தார் வில்பிரெட் ஓவன் என்ற 23 வயது ஆங்கில இளைஞர். கவிதையில் ஆழ்ந்தவர், பிரான்சில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1915-இல் தாமாகவே படையில் சேர்ந்தவர். அவர் தம் தாய்க்கு எழுதிய கடிதங்களுள் இரண்டு என் நெஞ்சை விட்டு அகலாதவை. ஜனவரி முதல் நாள் எழுதியதில், பிரான்சில் இருப்பதே ஒரு வீர உணர்வைத் தருகிறது என்று மகிழ்கிறார். ஜனவரி 16-ஆம் நாள் எழுதியதிலோ வேறொரு குரல் கேட்கிறது. நீர் புகுந்த ஒரு நிலவறைக்குள் 25 பேருடன் நெருக்கியடித்துக்கொண்டு, இடைவிடாத குண்டுமாரியின் கீழ் 50 மணி நேரம் கிடந்ததைச் சொல்கிறார். காவலுக்கு நின்ற ஓர் இளைஞன் அங்கே கண்பார்வை இழந்தான். இரண்டு கடிதங்களுக்கும் இடையே கழிந்தவை 15 நாட்களே!

அவ்வாண்டின் வசந்த காலத்தில் குண்டு வெடித்த அதிர்ச்சியால் நிலைகுலைந்த ஓவனை, எடின்பரோ நகருக்கருகே ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். போர் வேண்டுமென்றே நீட்டிக்கப்படுகிறது என்று பகிரங்கமாக அறிக்கை விடுத்த கவிஞர் சிக்பிரிட் சசூனும் அங்கேதான் இருந்தார். அவருடைய நட்பில் ஓவனின் கவிதை கூர்மை பெற்றது. நாட்டுக்காக மடிவதைப் புகழும் ரோமானியக் கவி ஹொரேஸின் வாக்கைப் பள்ளிகளில் சிறுவர்களுக்குக் கற்பித்து வந்தார்கள். நச்சுவாயுவில் மூச்சுத் திணறிச் சாகும் வீரன் ஒருவனைக் கண்முன் நிறுத்தி, அந்த வாக்கு பொய் என்றார் ஓவன்.

இத்தகைய மனமுறிவைக் கோழைத்தனம் என்று அக்காலத்தில் பலர் எண்ணினார்கள். ஓவனின் பிற்கால வாழ்க்கை அதை மறுக்கிறது. உடல் தேறிய பின், 1918-இல் அவர் மீண்டும் போர்முனைக்குச் சென்றார். அக்டோபர் மாதப் போரில் காட்டிய துணிவுக்காக அவருக்கு மிலிட்டரி கிராஸ் விருதும் அளிக்கப்பட்டது. தாம் திரும்பி வந்ததன் காரணத்தையும் தாய்க்கு எழுதினார்: இந்தப் பிள்ளைகளுக்கு நல்ல தலைவனாக இருந்து உதவவேண்டும், இவர்கள் படும் துன்பத்தை அருகிருந்து கண்டு, இவர்களுக்காக வழக்குரைக்க வேண்டும். போரின் புகழுரைகளில் அவருக்கிருந்த நம்பிக்கைதான் செத்தது. உடன் நின்ற மனிதர்கள்பால் கொண்ட அன்போ முன்னிலும் வலுத்தது.

1918 நவம்பர் 4-ஆம் நாள், ஓர்ஸ் என்னும் சிற்றூருக்கருகே கால்வாயைக் கடக்கும் முயற்சியில் ஓவன் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 25. ஒரு வாரம் கழித்து, நவம்பர் 11-ஆம் நாள் போர் ஓய்ந்தது. அன்று, ஊரெல்லாம் கொண்டாட்டமாக இருந்த வேளையில், மகன் இறந்த செய்தி தந்தியாகத் தாயின் கைக்கு வந்து சேர்ந்தது.

ஓவனைப் போருக்கு அழைத்தவை அழகிய சொற்கள். அகழிக்குள் அவர் கண்டது, அந்தச் சொற்களுக்குள் அடங்காத துன்பம். வீரத்தைப் புகழ்வது பிழையன்று. ஆனால் புகழ்கின்றவர்கள், தாங்கள் அனுப்பும் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்பதை அறிந்து புகழவேண்டும். அகழியிலிருந்து வந்த அந்தக் கடிதங்கள் நம்மிடம் கேட்பது இவ்வளவே.