உங்களுக்குத் தெரியுமா? கூண்டு ஏத்தியாச்சு!

வீட்டில் அப்பா முகம் சிவந்தால், "பத்தாம் நம்பர் கூண்டு ஏத்தியாச்சு, ஓடிடு" என்பார்கள். கடலூர் துறைமுகத்தில் அது கேலியல்ல. புயலை எச்சரிக்க, பகலில் கொடிமரத்தில் கூம்பும் உருளையுமாகக் கூண்டுகள் ஏறும். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். கிள்ளை, பரங்கிப்பேட்டை மீனவர்கள் படகுகளை மேடேற்றிக் கட்டிவிடுவார்கள். இந்தியாவில் துறைமுகப் புயல் எச்சரிக்கை 1865-இல் கல்கத்தாவில் தொடங்கியது, முந்தைய ஆண்டின் பெரும்புயலுக்குப் பிறகு.

எண் கூடக் கூடப் புயலின் வலுவும் கூடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். பாதிதான் சரி. 1, 2 தொலைதூர எச்சரிக்கை. 3, 4 உள்ளூர் எச்சரிக்கை. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்துதான். புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கரை கடக்கும் என்பதில்தான் வேறுபாடு. 7 என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலேயோ. தீவிரப் புயலுக்கான 8, 9, 10-க்கும் இதே கணக்கு. ஆக, பத்தாம் எண் என்றால் தீவிரப் புயல் நேரே நம் தலைக்கு! 2011 டிசம்பர் 30 காலை 'தானே' புயல் அப்படித்தான் கடலூரை ஒட்டிக் கரையேறி, முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது.

பதினொன்றும் உண்டு: புயல் எச்சரிக்கை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.